எனக்கே தெரியாம காப்பர் டி போட்டுட்டாங்க, இந்த தடவை என்ன பண்றது டாக்டர்?

கேள்வி: டாக்டர் மேடம், எனக்கு 29 வயசு, இப்போ 28 வாரம். மூத்தவனுக்கு 3 வயசு ஆகப்போகுது, அவன் சிசேரியன். தண்ணி கொறஞ்சிடுச்சு, கொடி வேற கழுத்துல சுத்திருக்குன்னு சொல்லி ராத்திரியோட ராத்திரியா பண்ணாங்க. 4 மாசம் கழிச்சு பீரியட்ஸ் வந்தப்போ பயங்கர ப்ளீடிங், ஸ்கேன் எடுத்தா உள்ள காப்பர் டி இருக்குன்றாங்க. என்கிட்ட யாருமே சொல்லல. போய் கேட்டா "உங்க மாமியார் கையெழுத்து போட்டிருக்காங்களே"ன்றாங்க. எடுத்துட்டேன். அப்புறம் என் வீட்டுக்காரர் நான் ஜாக்கிரதையா இருந்துக்குறேன்னாரு, அதுலயே இது நின்னுடுச்சு, பிளான் பண்ணல, ஆனா வேணும்னு தான் வச்சிருக்கோம். இப்போ வீட்ல எல்லாரும் எப்படியும் சிசேரியன் தானே, அப்படியே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் முடிச்சிடலாம்னு அவங்களாவே முடிவு பண்ணிட்டாங்க. எனக்கு நார்மல் ட்ரை பண்ணணும்னு ஆசை. ஆபரேஷனுக்கு இன்னும் மனசு வரல. ஊசி, மாத்திரை போட்டா பின்னாடி குழந்தையே தங்காதுன்றாங்க, உண்மையா? டாக்டர் கிட்ட இதெல்லாம் கேட்டா திட்டுவாங்களோன்னு பயம். கையெழுத்து போட சொன்னா படிச்சு பாக்க டைம் கேக்கலாமா?

பதில்: வாங்கம்மா. உங்க லெட்டர ரெண்டு தடவை படிச்சேன், ரெண்டாவது தடவை படிக்கும்போது கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு, ஏன்னா உங்களுக்கு நடந்த மாதிரி ஒண்ண நானே பண்ணியிருக்கேன்.

டாக்டரான புதுசு. ராத்திரி 2 மணி, லேபர் வார்டு, ஒரு பொண்ணுக்கு கர்ப்பப்பை வாய் 8 சென்டிமீட்டர் திறந்திருக்கு, வலி வந்து வந்து போகுது. நடுவுல நான் அட்டைல ஃபார்ம வச்சு நீட்டி "டெலிவரி ஆனதும் காப்பர் டி போட்டுடவாம்மா, நல்லது தான்"னு கேட்டேன். அவங்க தலைய ஆட்டினாங்க. கையெழுத்து கோடு மேல நிக்கல, வேர்த்த கைல பேனா வழுக்கி பேப்பர் ஓரம் வரைக்கும் இழுத்துட்டு போச்சு. நான் "சம்மதம் வாங்கியாச்சு"ன்னு கேஸ் ஷீட்ல எழுதிட்டேன். 6 வாரம் கழிச்சு செக்கப்புக்கு வந்தப்போ, காப்பர் டியோட நூல பாத்துட்டு நான் சொன்னதும் அவங்க "இத எப்போ போட்டீங்க, என்ன எப்போ கேட்டீங்க"ன்னாங்க. கோவமா கூட கேக்கல. நிஜமாவே அவங்களுக்கு ஞாபகம் இல்ல. அந்த வலியில நான் என்ன கேட்டிருந்தாலும் தலைய ஆட்டியிருப்பாங்கன்னு அன்னிக்கு தான் எனக்கு உறைச்சுது.

அதனால உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயமே இப்போ 28 வாரம் தான் ஆகுது, இன்னும் 2 மாசத்துக்கு மேல இருக்கு, முடிவு பண்ற வேலைய எல்லாம் இப்பவே ஓபில உக்காந்து பண்ணிடுங்க, லேபர் டேபிளுக்கு எடுத்துட்டு போகாதீங்க. இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்ல. ஃபிகோன்னு மகப்பேறு டாக்டர்களோட உலக அமைப்பு ஒண்ணு இருக்கு, 2011லயே அவங்க சொல்லிட்டாங்க, கருத்தடை ஆபரேஷனுக்கான சம்மதத்த பிரசவ வலியிலயோ பிரசவம் முடிஞ்ச கையோடயோ கேக்கக் கூடாதுன்னு. வலிக்கு முன்னாடி சொல்ற "சரி"தான் சரி.

முதல்ல நார்மல் விஷயத்துக்கு வரேன். ஒரு தடவை சிசேரியன் ஆனா எப்பவும் சிசேரியன் தான்றது பழைய கதை. ஒரே ஒரு சிசேரியன் ஆகி, கர்ப்பப்பையோட அடிப்பாகத்துல குறுக்க வெட்டு போட்டிருந்தா, அடுத்ததுக்கு நார்மல் ட்ரை பண்றவங்கள்ல 100க்கு 70, 75 பேருக்கு நார்மலாவே ஆகிடுது. உங்களுக்கு ஏற்கனவே ரெண்டு விஷயம் சாதகமா இருக்கு. ஒண்ணு, ரெண்டு பிரசவத்துக்கும் நடுவுல கிட்டத்தட்ட 3 வருஷம், ஒன்றரை வருஷத்துக்குள்ள வந்திருந்தா தான் தையல் பத்தி அதிகமா கவலப்படணும். ரெண்டாவது, முதல் தடவை பண்ண காரணம். இடுப்பெலும்பு வழி பத்தல, வலி வந்தும் கர்ப்பப்பை வாய் திறக்காம பாதியில நின்னுடுச்சு, அப்படின்னு இருந்தா இந்த தடவையும் அதே நடக்க வாய்ப்பு கொஞ்சம் கூட. தண்ணி கொறஞ்சது, கொடி சுத்தினது எல்லாம் அந்த குழந்தையோட போச்சு, ஒவ்வொரு தடவையும் அப்படியே வரணும்னு இல்ல.

கொடி பத்தி ஒரு வார்த்தை. பிறக்குற குழந்தைங்கள்ல நாலு அஞ்சுல ஒண்ணுக்கு கழுத்துல கொடி சுத்திருக்கும், பெரும்பாலும் தலை வெளில வந்ததும் விரலால கழட்டி விட்டுட்டு அடுத்த வேலைய பாப்போம். கொடி சுத்திருக்குன்றது மட்டுமே சிசேரியனுக்கு காரணம் ஆகாது. ஆனா தண்ணியும் கொறஞ்சு, குழந்தையோட இதயத்துடிப்பும் விழுந்திருந்தா அது வேற கதை, அன்னிக்கு அவங்க பண்ணது சரியா கூட இருக்கலாம், உங்க அன்னிக்கு கேஸ் ஷீட்ட பாக்காம இது தேவையா தேவையில்லயான்னு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். அந்த கேஸ் ஷீட் தான் உங்களுக்கு இப்போ ரொம்ப முக்கியம். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் பத்தாது, ஆபரேஷன் நோட்ஸ்னு தனியா ஒண்ணு இருக்கும், அதோட காப்பிய எழுதிக் குடுத்து கேட்டு வாங்குங்க. வயித்து மேல தோல்ல தெரியுற தழும்பு குறுக்க இருக்குன்றதால உள்ள கர்ப்பப்பைலயும் குறுக்க தான் வெட்டியிருப்பாங்கன்னு நாம நினைச்சுக்கக் கூடாது, அந்த நோட்ஸ்ல தான் தெரியும். உள்ள மேலருந்து கீழ நீளவாக்குல வெட்டியிருந்தா நார்மல் ட்ரை பண்ணக் கூடாது, பேச்சே கிடையாது.

சரி, இதுல ரிஸ்க் என்னன்னா, வலி வரும்போது பழைய தையல் விட்டுப்போறது. 200 பேர்ல ஒருத்தருக்கு நடக்கும். நடந்தா சாதாரண விஷயம் இல்ல, நிமிஷக் கணக்குல ஆபரேஷன் பண்ணணும், குழந்தைக்கும் ஆபத்து, சில சமயம் கர்ப்பப்பையவே எடுக்க வேண்டி வரும். மருந்து போட்டு வலி வர வச்சா இந்த ரிஸ்க் ரெண்டு மூணு மடங்கு ஏறும், அதனால தானா வலி வர விடுறது தான் நல்லது. அப்புறம் ட்ரை பண்ணி நடுவுல முடியாம சிசேரியன் பண்றது, முன்னாடியே நாள் குறிச்சு பண்ற சிசேரியன விட கொஞ்சம் கஷ்டம் தான், இன்ஃபெக்‌ஷன் வர வாய்ப்பு கூட. இன்னொரு பக்கம், திரும்ப சிசேரியனே பண்ணா தையல் விடுற பயம் கிட்டத்தட்ட இல்ல, ஆனா அதுக்கப்புறம் 3வது குழந்தை வேணும்னு நினைச்சா நஞ்சு (பிளசென்டா) பழைய தழும்புல ஒட்டிக்கிட்டு பிரியாம போற ஆபத்து ஒவ்வொரு சிசேரியனுக்கும் ஏறிட்டே போகும். ஆக, ரெண்டோட போதும்னு நிச்சயமா இருக்குறவங்களுக்கும், இன்னொண்ணு பாக்கலாம்னு இருக்குறவங்களுக்கும் ஒரே கணக்கு கிடையாது. பிரசவத்த எப்படின்னு யோசிக்கும்போதே இன்னொரு குழந்தை வேணுமான்ற கேள்வியும் சேர்ந்து வருது பாருங்க, அதனால தான் ரெண்டையும் ஒரே நாள்ல உக்காந்து பேசுங்கன்றேன்.

32 வாரத்துல ஸ்கேன் எடுக்கும்போது நஞ்சு எங்க இருக்கு, பழைய தழும்பு மேல இருக்கான்னு மட்டும் தனியா கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. அது கீழ தழும்பு மேல உக்காந்திருந்தா நார்மல் ஆசைய விட்டுடணும். எது எப்படி இருந்தாலும் நார்மல் ட்ரை பண்றதுன்னா ராத்திரி பகல் எந்த நேரமும் உடனே ஆபரேஷன் பண்ணவும் ரத்தம் ஏத்தவும் வசதி இருக்குற இடத்துல தான். வீட்லயே பாத்துக்கலாம், வீடியோல பாத்தேன்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க, தையல் போட்ட கர்ப்பப்பைய வச்சுட்டு அந்த விளையாட்டு வேண்டாம். வலி ஆரம்பிச்சதுமே கிளம்பிடுங்க. வலிக்கு வலி நடுவுல கூட விடாம வலிக்குது, தழும்பு கிட்ட சுரீர்னு இருக்கு, ரத்தம் படுது, குழந்தை அசைவு கொறஞ்ச மாதிரி இருக்கு, இதுல எது வந்தாலும் போன் பண்ணி கேட்டுட்டு போலாம்னு உக்காராம நேரா போயிடுங்க.

இப்போ ஆபரேஷன். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நல்ல முறை தான், தோத்துப் போறது முதல் வருஷத்துல 200ல ஒருத்தருக்கு. ஆனா அது நிரந்தரம், பின்னாடி சேத்து தச்சுக்கலாம்னு யாராவது சொன்னா நம்பி இறங்காதீங்க, தச்சாலும் எல்லாருக்கும் கரு நிக்காது. அமெரிக்காவுல ஆயிரக்கணக்கான பெண்கள வருஷக் கணக்குல தொடர்ந்து கவனிச்ச ஆய்வு ஒண்ணு 1999ல வந்துச்சு, ஆபரேஷன் பண்ணி 14 வருஷத்துக்குள்ள "ஏண்டா பண்ணோம்"னு சொன்னவங்க, 30 வயசுலயோ அதுக்கு முன்னாடியோ பண்ணிக்கிட்டவங்கள்ல 100க்கு 20 பேர், 30 தாண்டி பண்ணிக்கிட்டவங்கள்ல 6 பேர். உங்களுக்கு 29. நீங்க பண்ணிக்கக் கூடாதுன்னு நான் சொல்லல, 100க்கு 80 பேர் வருத்தப்படலயே. ஆனா "மனசு வரல"ன்னு எழுதியிருக்கீங்க, மனசு வராத ஒரு பொண்ணுக்கு நான் அந்த ஆபரேஷன் பண்ண மாட்டேன், எப்படியும் வயித்த திறக்குறோமே அப்படியேன்றது எங்களுக்கு சௌகரியம், உங்களுக்கு அது ஒரு காரணமே இல்ல. 6 மாசம் கழிச்சு, 3 வருஷம் கழிச்சு, எப்போ வேணா பண்ணிக்கலாம், பண்ணதுக்கப்புறம் தான் மாத்த முடியாது.

ஆமா, உங்க வீட்ல "எல்லாரும்" முடிவு பண்ணாங்கன்னீங்களே, அந்த எல்லாருக்கும் ஆண்களுக்கும் ஒரு ஆபரேஷன் இருக்குன்றது தெரியுமா? பெண்களுக்கு பண்றத விட சின்னது, வயித்த திறக்க வேண்டாம், மரத்துப் போற ஊசி போட்டு அரை மணி நேரத்துல முடிச்சு அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவோம், தோத்துப் போறதும் இன்னும் கம்மி. வீரியம் போயிடும், வெயிட் தூக்க முடியாதுன்றதெல்லாம் பொய். ஒரே ஒரு விஷயம், பண்ண உடனே பலன் கிடையாது, 3 மாசம் வேற பாதுகாப்போட இருந்து, விந்து டெஸ்ட்ல உயிரணு இல்லன்னு வந்ததும் தான் நிம்மதி. இதுவும் நிரந்தரம் தான், அதனால அவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, நியாயம் ரெண்டு பக்கமும் ஒண்ணு தானே. ஆனா பேச்சுல அது இருக்கணும்.

அவர் "ஜாக்கிரதையா" இருந்தார்ல, அது நீங்களோ அவரோ பண்ண தப்பு இல்ல, அந்த முறையே அப்படித்தான். வருஷம் முழுக்க அத மட்டும் நம்பி இருக்குற 100 பேர்ல 20 பேருக்கு கரு நின்னுடும். காண்டம்னா 13, தினமும் சாப்பிடுற மாத்திரைன்னா 7 (மறக்குறதையும் சேத்து தான் இந்த கணக்கு, மறக்காத மனுஷி யாரு), 3 மாசத்துக்கு ஒரு தடவை போடுற ஊசின்னா 4, காப்பர் டின்னா ஒண்ணுக்கும் கீழ, கைல தோலுக்கு அடியில வைக்கிற குச்சின்னா 1000ல ஒண்ணு. மனுஷ ஞாபகத்த நம்பாத முறை எல்லாம் நல்லா வேலை செய்யுது, அவ்ளோ தான் விஷயம். உறவு மூலமா நோய்த் தொற்று வராம காக்குறது காண்டம் மட்டும் தான், மத்த எதுவும் அத பண்ணாது.

குழந்தையே தங்காதுன்ற பயத்துக்கு வரேன். மாத்திரை, குச்சி, காப்பர் டி இதெல்லாம் நிறுத்தினா எடுத்தா சீக்கிரமே பழையபடி கரு நிக்கும், மலடாக்குற மருந்து இதுல எதுவும் இல்ல. அந்த பேச்சு எங்கருந்து வந்துச்சுன்னா ஊசிலருந்து. ஊசிய நிறுத்தினா கரு நிக்க லேட் ஆகும், கடைசி ஊசிலருந்து சராசரியா 10 மாசம் கிட்ட எடுத்துக்கும், சிலருக்கு அதுக்கும் மேல. இத முன்னாடியே சொல்லாம ஊசிய போட்டு அனுப்பிட்டா, அந்த பொண்ணு நிறுத்தி 6 மாசம் பாத்துட்டு நிக்கலன்னதும் "ஊசி போட்டதால போச்சு"ன்னு நாலு பேர் கிட்ட சொல்லும், சொல்லாம என்ன பண்ணும்? அடுத்த வருஷமே குழந்தை வேணும்னா ஊசி வேண்டாம், 3, 4 வருஷம் கழிச்சு தான்னா தாராளமா போடலாம்.

எது பெஸ்ட்டுன்னு என்கிட்ட கேக்குறவங்க கிட்ட நான் திருப்பி கேக்குறது, எந்த தொந்தரவ உங்களால தாங்க முடியும்னு. காப்பர் டில ஹார்மோன் இல்ல, 10 வருஷம் வரைக்கும் இருக்கலாம், ஆனா முதல் 3லருந்து 6 மாசம் ப்ளீடிங்கும் வலியும் கூட இருக்கும். உங்களுக்கு 4வது மாசம் வந்தது அநேகமா அது தான், பொருள் மேல தப்பில்ல, சொல்லாம வச்சாங்க பாருங்க, அது தான் பயத்த கிளப்பிடுச்சு. காப்பர் டி மாதிரியே உள்ள வைக்கிற, ஹார்மோன் இருக்குற லூப் ஒண்ணு இருக்கு, மிரீனான்னு சொல்வாங்க, அதுல ப்ளீடிங் கொறையும், ஒரு வருஷத்துல 5ல ஒருத்தருக்கு பீரியட்ஸே நின்னுடும், சிலருக்கு அது நிம்மதி, சிலர் மாசா மாசம் வரலன்னா பயந்துடுவாங்க. குச்சிலயும் ஊசிலயும் பீரியட்ஸ் ஒழுங்கு தப்பும், எப்போ வரும்னு சொல்ல முடியாது. ரெண்டு ஹார்மோன் சேர்ந்த சாதாரண மாத்திரை, பால் குடுக்குறவங்களுக்கு முதல் 6 வாரம் கூடவே கூடாது, 6 மாசம் வரைக்கும் தவிர்க்குறது நல்லது, அதுக்கு பதிலா ஒரே ஹார்மோன் இருக்குற மாத்திரை உண்டு. கண்ணுல மின்னல் மாதிரி தெரிஞ்சு ஒத்தத் தலைவலி வர்றவங்க, பிபி இருக்குறவங்க, 35 வயசு தாண்டி சிகரெட் பிடிக்கிறவங்க, கால்ல ரத்தம் கட்டி இருந்தவங்க, ரெண்டு ஹார்மோன் மாத்திரை பக்கமே போகக் கூடாது. வலிப்புக்கோ டிபிக்கோ மருந்து எடுக்குறீங்கன்னா அத கண்டிப்பா சொல்லிடுங்க, அதுல சிலது கருத்தடை மாத்திரைய வேலை செய்ய விடாது.

பால் குடுக்கும்போது கரு நிக்காதுன்னு சொல்வாங்க, அது பாதி உண்மை. குழந்தை 6 மாசத்துக்குள்ள இருக்கணும், ராத்திரியும் சேத்து பால் மட்டுமே குடுக்கணும், பீரியட்ஸ் இன்னும் வந்திருக்கக் கூடாது, மூணும் இருந்தா 100க்கு 98 பேருக்கு பாதுகாப்பு. மூணுல ஒண்ணு விட்டாலும் கணக்குல சேராது. பீரியட்ஸ் வரலயேன்னு இருக்கவும் முடியாது, முட்டை முதல்ல வந்துட்டு தான் பீரியட்ஸ் பின்னாடி வரும்.

என் ஓபி டேபிள் டிராயர்ல ஒரு காப்பர் டி எப்பவும் இருக்கும், சாம்பிள். பேசும்போது எடுத்து அவங்க கைல வச்சுடுவேன். 3 சென்டிமீட்டர் சொச்சம், வளைச்சா வளையும், அடியில மீன் தூண்டில் நூல் மாதிரி ரெண்டு நூல். "இவ்ளோ தானா, நான் சாவி சைசுக்கு இருக்கும்னு நினைச்சேன்"னு ஒருத்தங்க அத உருட்டி உருட்டி பாத்துட்டே இருந்தாங்க, கடைசில வேண்டாம்னுட்டாங்க. சரிம்மான்னு டிராயர்ல போட்டுட்டேன். போட்டுக்கிட்டவங்களும் நாளைக்கே வந்து எடுங்கன்னா எடுத்துடணும், "இன்னும் கொஞ்ச நாள் பாருங்க, சரியாயிடும்"னு ஒரு தடவை சொல்லலாம், ரெண்டாவது தடவை சொன்னா அது கட்டாயம்.

டாக்டர் திட்டுவாங்களோன்னு கேட்டீங்க. சிலர் திட்டுவாங்க தான், ஓபில 80 பேர் நிக்கும்போது எங்க மூஞ்சி அப்படித்தான் இருக்கும். கேள்விய எழுதி எடுத்துட்டு போங்க, பேப்பர பாத்தா நாங்களும் கொஞ்சம் நிதானிப்போம். இத பண்ணலன்னா என்ன ஆகும், வேற வழி என்ன இருக்கு, இப்பவே பண்ணணுமா இல்ல அரை மணி நேரம் இருக்கா, இந்த மூணு கேள்வி போதும். "ரிஸ்க் இருக்கு"ன்னு யாராவது சொன்னா "100க்கு எத்தனை பேருக்கு மேடம்"னு கேளுங்க, நம்பர் இல்லாம சொல்றது பயமுறுத்துறதோட சேர்த்தி. நாங்க மறைக்குறது ஒரு பக்கம் மட்டும் இல்ல தெரியுமா. பிரிட்டன்ல நாடின் மான்ட்கோமெரின்னு ஒரு அம்மா, சர்க்கரை வியாதி, உடம்பு சின்னது. நார்மல்ல குழந்தையோட தோள் மாட்டிக்க 100க்கு 9, 10 வாய்ப்பு இருந்தும், சொன்னா சிசேரியன் கேப்பாங்கன்னு டாக்டர் சொல்லவே இல்ல. 1999ல பையன் பிறக்கும்போது தோள் மாட்டிக்கிச்சு, மூச்சு கிடைக்காம மூளை பாதிச்சிடுச்சு. 2015ல அங்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, டாக்டருக்கு எது முக்கியம்னு தோணுதுன்றது இல்ல, அந்த பொண்ணோட இடத்துல இருக்குறவங்களுக்கு எது முக்கியமா இருக்குமோ அத சொல்லியே ஆகணும்னு. உங்க வீட்ல நார்மல்ன்ற பேச்சே வரல, அங்க சிசேரியன்ற பேச்சு வரக் கூடாதுன்னு மறைச்சாங்க.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கோங்க. குழந்தையோட துடிப்பு விழுந்துட்டே இருக்கு, ரத்தம் கொட்டுதுன்னா அங்க நின்னு நம்பர் பேச நேரம் இருக்காது, ரெண்டு வாக்கியத்துல சொல்லிட்டு ஓடுவோம், அப்போ ஓட விடுங்க.

கடைசியா கையெழுத்து. டைம் கேக்கலாமான்னா, கேக்கலாம், அத விட சுலபம் ஃபார்ம இப்பவே ஓபில ஒரு காப்பி கேட்டு வாங்கி வீட்ல வச்சு படிக்கிறது. சிசேரியன் ஃபார்ம் வேற, காப்பர் டி ஃபார்ம் வேற, ஆபரேஷன் ஃபார்ம் வேற, ஒண்ணுக்கு போட்ட கையெழுத்து இன்னொண்ணுக்கு ஆகாது. ஒரே பேப்பர்ல எல்லாம் இருந்தா வேண்டாதத அடிச்சுட்டு பக்கத்துல கையெழுத்து போடுங்க. அடுத்த செக்கப்ல டாக்டர் முன்னாடியே உங்க ஃபைல்ல "டெலிவரி நேரத்துல காப்பர் டியும் ஆபரேஷனும் வேண்டாம், 6 வாரம் கழிச்சு வந்து பேசுறேன்"னு எழுத சொல்லுங்க, இல்ல வேணும்னு முடிவு பண்ணா வேணும்னு எழுத சொல்லுங்க, அந்தப் பக்கத்த போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. மயக்கத்துல இல்லாத வரைக்கும் உங்களுக்கு பதிலா இன்னொருத்தர் போடுற கையெழுத்து சம்மதமே ஆகாது, மாமியாரானாலும் வீட்டுக்காரரானாலும். அன்னிக்கு யாராவது பேனாவ அவங்க பக்கம் நீட்டினா, "நான் முழிச்சுட்டு தான் இருக்கேன், இங்க குடுங்க"ன்னு கைய நீட்டிடுங்க.